எலும்பனின் இடது கால்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில், 'தர்மன் கிராபிக்ஸ்' என்று ஒரு போர்டு தொங்கும். அந்தத் தர்மன் நான்தான். பேருக்கும் குணத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று கீழ்க்கடை அன்சார் சொல்வான். எனக்கு முன்கோபம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சும்மா வராது. யாராவது கிறுக்குத்தனம் பண்ணினால்தான் வரும். இந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை என்றால் அது என் தப்பா?

கல்யாண வீடியோ எடுப்பது, அதில் மாப்பிள்ளை பெண் பெயரைப் பூ உதிர ஓடவிடுவது, உள்ளூர் கேபிளுக்கு ஜவுளிக்கடை விளம்பரம் செய்வது, இதுதான் எனக்குத் தெரிந்த தொழில். 2004-ல் முகமது அனஸ் வந்து சேர்ந்த பிறகுதான் கடைக்குள் 3டி வேலை நுழைந்தது. அனஸ் லப்பைக்குடிக்காட்டுக்காரன். சென்னையில் அனிமேஷன் படித்து, அங்கேயே ஒரு கம்பெனியில் குப்பை கொட்டிவிட்டு, சோறும் சரியில்லை சம்பளமும் சரியில்லை என்று ஊர் திரும்பியவன். அவர்கள் அத்தா என்று கூப்பிடும் அப்பா ஜமால் முகமது சவுதியில், தமாமில் ஒரு மளிகைக்கடையில் இருந்தார். அண்ணன் அன்சார் எங்கள் கடைக்கு நேர் கீழே எஸ்டிடி பூத் வைத்திருந்தான். அண்ணனும் தம்பியும் காலையில் ஒரே பஸ்ஸில் வருவார்கள், இருட்டியதும் ஒரே பஸ்ஸில் போவார்கள்.

அன்சாருக்குச் சின்ன வயதிலேயே போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. இடது கையைத் தொடையில் ஊன்றி, இடுப்பை ஒரு வெட்டு வெட்டி, அந்தக் காலை இழுத்து முன்னால் போடுவான். அப்புறம் வலது கால் தானாக வந்து சேரும். ஊரில் பாதி ஆம்பிளைகள் சவுதியிலும் துபாயிலும் இருக்க, இவனும் ஆசைப்பட்டுப் பம்பாய் வரை போனான். மெடிக்கலில் கழித்துக்கட்டி அனுப்பிவிட்டார்கள். பிறகு ஊனமுற்றோர் கோட்டாவில் பூத்துக்கு லைசென்ஸ் கிடைத்தது. "காலைக் குடுத்து வாங்குன கடை மாப்ள" என்று அவனே சொல்லிச் சிரிப்பான். என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுவான். நானும் அவனை அப்படித்தான் கூப்பிட்டேன்.

அப்போது சென்னைக் கம்பெனி ஒன்று குழந்தைப் பாட்டு சிடிகளுக்குப் பொம்மைகள் செய்து தரச்சொல்லி எங்களிடம் வேலை கொடுத்தது. கம்ப்யூட்டரில் பொம்மையைச் செய்துவிட்டால் மட்டும் அது ஆடாது. உள்ளே எலும்பு வைக்க வேண்டும். முழங்கை இங்கே, முட்டி இங்கே என்று ஒவ்வொன்றாக வைத்து, எந்த எலும்பு அசைந்தால் எந்தச் சதை கூடப் போக வேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதற்கு ரிக்கிங் என்று பெயர். ஒரு யானைக்குட்டிக்கு எலும்பு வைத்து முடிப்பதற்குள் ஒரு வாரம் போய்விடும். கையைத் தூக்கச் சொன்னால் வயிறும் சேர்ந்து கிளம்பும். நான் கீபோர்டைத் தூக்கி அடிக்காத நாள் குறைவு.

அனஸ் அடிக்கமாட்டான். உட்கார்ந்து, இதையெல்லாம் தானாகச் செய்கிற மாதிரி ஒரு புரோகிராம் எழுத ஆரம்பித்தான். கணுக்கால், முட்டி, இடுப்பு, தோள் என்று சில இடங்களை மட்டும் நாம் தொட்டுக் காட்டினால் போதும். பட்டனை அழுத்தியதும் எலும்புகள் அதது இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், சதையும் ஒட்டிக்கொள்ளும். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அந்தப் பொம்மை தானே எழுந்து கொஞ்ச தூரம் நடந்து காட்டும். அன்சார் அதற்கு 'எலும்பன்' என்று பெயர் வைத்தான். அதுவே நிலைத்துவிட்டது.

நடந்து காட்ட அதற்கு ஒரு நடை வேண்டும் அல்லவா? யாரையாவது நடக்கவைத்து வீடியோ எடுத்து, பார்த்துப் பார்த்து அளவு எடுக்கலாம். கேமரா என்னிடமே இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு லப்பைக்குடிக்காட்டுக்குப் போனேன். வாசலிலேயே அவர்கள் அம்மா ஜைனம்பு நிறுத்திவிட்டார்.

"அது வூட்டுக்குள்ள வேணாம் தம்பி. கோவிச்சுக்காத."

"கல்யாண வூட்டுக்கெல்லாம் இதைத்தாம்மா தூக்கிட்டுப் போறேன். ஒங்க தெருவுலயே நாலு கல்யாணம் எடுத்துருக்கேன்."

"அவங்க வூடு அவங்களுக்கு. உசுரு உள்ளதை உருவமா செஞ்சா, மறுமையில அல்லா அதுக்கு உசுரு குடுன்னு கேப்பான். அப்ப நான் எங்க போவேன்?"

அந்த வீட்டில் ஒரு படம் கிடையாது. கணவர் படம்கூடக் கிடையாது. அன்சாரின் ஊனமுற்றோர் அட்டையில் ஒட்டிய ஸ்டாம்ப் சைஸ் படம் ஒன்று உண்டு, அதுவும் அவன் சட்டைப்பையிலேயே இருக்கும். அனஸ் செய்கிற வேலை அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் அனஸ் போய்க் கேட்டதில், தலை இல்லாவிட்டால் அது உருவத்தில் சேராது என்று அவர் சொல்லியிருக்கிறார். அதனால் எலும்பன் முதலில் தலை இல்லாமல்தான் வரும். தலை வேண்டுபவர்கள் தனியாக ஒரு கட்டத்தில் டிக் அடித்துக்கொள்ள வேண்டும். எவனாவது இப்படி ஒரு கருவி செய்வானா? நான் கத்தித் தீர்த்தேன். அனஸ் மாற்றவில்லை.

கேமராவை வாசலில் நின்ற ஆட்டோவிலேயே வைத்துவிட்டு உள்ளே போனேன். வெயில் ஏறுகிற நேரம். கொல்லைப்பக்கச் சுவரில் நிழல் நன்றாக விழுந்தது. சுவரை ஒட்டி நடந்து, ஒவ்வொரு அரை அடிக்கும் அப்படியே நிற்க வேண்டும். நிழலில் முட்டி எங்கே, கணுக்கால் எங்கே என்று அனஸ் கரித்துண்டால் புள்ளி வைப்பான். முதலில் நான் நடந்தேன். பாதி அடியில் நில் என்றால் யாரால் நிற்க முடியும்? இரண்டு தடவை சாய்ந்தேன், மூன்றாவது தடவை கோழிக்கூண்டின் மேல் விழுந்தேன். அன்சார் சிரித்துச் சிரித்து இருமினான்.

"தள்ளு மாப்ள. ஒனக்கு நடக்கவே தெரியல" என்று கொல்லைப்படியிலிருந்து இறங்கி வந்தான்.

அவன் நின்றான். எந்த இடத்தில் நில் என்றாலும் நின்றான். அவனுக்கு ஒவ்வொரு அடியும் யோசித்து வைக்கிற அடிதானே. இடுப்பை வெட்டுகிற இடம், கை தொடையை அழுத்துகிற இடம், கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வருகிற இடம் எல்லாம் சுவரில் புள்ளி புள்ளியாக வந்தது. "நேரா நடக்குற காலுக்கு எவன் வேணா எலும்பு வச்சிருவான். இதுக்குச் சரியா வந்தா எதுக்கும் வரும்" என்றான் அனஸ். அந்தப் புள்ளிகளை அளந்து எடுத்ததுதான் எலும்பன் நடை.

வேலை முடிந்து எலும்பன் நன்றாக ஓட ஆரம்பித்ததும், விற்கலாம் என்றேன் நான். சும்மா கொடுக்கப்போகிறேன் என்றான் அனஸ். வெளிநாட்டு அனிமேஷன்காரர்கள் கூடிப் பேசுகிற ஒரு இணையதளம் இருக்கிறது, அதில் போட்டுவிடுவானாம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமாம்.

"ஏண்டா, இடுப்பு ஒடிய ஒக்காந்து செஞ்சதை முகம் தெரியாத பயலுக்குத் தூக்கிக் குடுப்பியா? கிறுக்கா ஒனக்கு?"

"நான் கத்துக்கிட்டது பூரா அங்க முகம் தெரியாதவங்க குடுத்ததுண்ணே."

"அதுக்கு? எவனோ சோறு போட்டான்னு நீயும் அண்டா வச்சு ஆக்கிப் போடுவியா?"

"ஆமாண்ணே" என்றான். அவ்வளவுதான். அவனோடு சண்டைகூடப் போட முடியாது.

மாடிப்படியில் அன்சார் ஏறி வருகிற சத்தம் கேட்டது. ஒரு தட்டு, ஒரு தேய்ப்பு, மறுபடி ஒரு தட்டு. "விடு மாப்ள. அவன் எங்கம்மா மாதிரி. நோன்புக் கஞ்சி காய்ச்சுனா தெருவுக்கெல்லாம் குடுத்துட்டுத்தான் எங்களுக்கு ஊத்தும்" என்றான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அன்று முழுக்க இரண்டு பேரிடமும் பேசவில்லை.

அப்புறம் நடந்ததைப் பார்த்து நானே வாயைப் பிளந்தேன். பிரேசிலிலிருந்து எழுதினார்கள், போலந்திலிருந்து எழுதினார்கள். ஒருவன் டைனோசருக்கு எலும்பனைப் போட்டு அனுப்பினான். ஒரு பள்ளிக்கூடத்து டீச்சரம்மா, பிள்ளைகள் வரைந்த பொம்மைகள் எல்லாம் நடக்கின்றன என்று எழுதியிருந்தார். எல்லாம் இடது கையைத் தொடையில் ஊன்றி, இடுப்பை வெட்டிக்கொண்டு நடந்தன. மத்தியானம் பூத்தில் ஆள் குறைந்ததும் அன்சார் மேலே வந்துவிடுவான்.

"இன்னிக்கி எந்த ஊருடா?"

"பின்லாந்துண்ணே."

"அது எங்க இருக்கு?"

"ரொம்ப வடக்க. பனி பெய்யும்."

"பாத்தியா மாப்ள! மெடிக்கல்ல என்னை வேணாம்னு தள்ளுனானுங்க. இப்ப விசா இல்லாமப் போயிட்டு இருக்கேன்." அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல? போன் பேச வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவான். எவனுக்கும் புரியாது.

கண் டாக்டரைப் பார்க்க அம்மா பெரம்பலூர் வந்த அன்று, அன்சார் விடாப்பிடியாக அவரை மாடிக்கு ஏற்றிக்கொண்டு வந்தான். அம்மா முதலில் தலை இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. எலும்பன் நடக்க ஆரம்பித்ததும் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்துவிட்டார். "அடப்பாவி, நீயேதான்டா!" என்றார். அன்சாருக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே.

பிறகுதான் புகார்கள் வர ஆரம்பித்தன. கெட்ட எண்ணத்தோடு யாரும் எழுதவில்லை. கருவி தங்கமானது, ஒரே ஒரு பிழை, நடந்து காட்டும்போது இடது கால் வேலை செய்யவில்லை என்று ஒருவன். இடது கை காலோடு ஒட்டிக்கொள்கிறது, தயவுசெய்து சரிசெய்யவும் என்று இன்னொருவன். மூன்றாமவன், பிழை எங்கே இருக்கலாம் என்று நாலு பக்கத்துக்கு விளக்கம் வேறு எழுதியிருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில், அது பிழை இல்லை, அது எங்கள் ஆள் என்று எழுதிப் போட்டேன். ஜோக் என்று நினைத்துச் சிரித்த முகங்களை வரிசையாகப் போட்டார்கள்.

அனஸ் அதையெல்லாம் அண்ணன் கண்ணில் படாமல் மறைத்தான். எத்தனை நாள் மறைப்பான்? ஒரு மத்தியானம் அவன் பாத்ரூம் போயிருந்த நேரம் அன்சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எழுத்துக்கூட்டி ஒவ்வொன்றாகப் படித்துவிட்டான். அதற்குள் அனஸ் திரும்பி வந்துவிட்டான்.

"வேலை இல்லாதவனுங்கண்ணே. படிக்காத" என்றான் அனஸ்.

"ஏன்டா? ஒண்ணும் ஏசலியே. உள்ளதைத்தானே எழுதியிருக்கானுங்க." எழுந்து நாற்காலியைத் தம்பிக்கு விட்டான். "திருத்திடு."

"மாட்டேன்."

"சொன்னாக் கேளுடா."

"அது தப்பு இல்லண்ணே. நான் ஏன் திருத்தணும்?"

நானும் விடவில்லை. "எவனோ ஒருத்தன் சொன்னான்னு திருத்துவியா? பிடிக்கலேன்னா அவன் நடக்காமப் போவட்டும்!" என்று கத்தினேன்.

"நீ சும்மா இரு மாப்ள." அன்சார் சிரிக்கவில்லை. அவன் சிரிக்காமல் பேசி நான் பார்த்தது அன்றுதான். "டேய் அனஸு, அம்மா என்னைத் தூக்கிட்டுப் போவாத ஆஸ்பத்திரி இல்ல. ஓதிப் பாக்காத தர்கா இல்ல. அத்தா சம்பாதிச்சதுல பாதி இந்தக் காலுக்குத்தான் போச்சு. எவனாலயும் திருத்த முடியல. ஒன்னால முடியுது. செய்யேன்டா."

அனஸ் உட்கார்ந்தான். வலது காலின் கணக்கை எடுத்து இடது காலுக்குப் போட்டான். தொடையில் இருந்த கையை எடுத்து விட்டான். இடுப்பை நிமிர்த்தினான். ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. பட்டனை அழுத்தியதும் எலும்பன் இரண்டு கையையும் வீசிக்கொண்டு நேராக நடந்துபோனான்.

"இன்னொரு வாட்டி போடு" என்றான் அன்சார். போட்டான். "இன்னொரு வாட்டி." மறுபடி போட்டான். "கையை வீசி நடக்குறான் பாரு மாப்ள" என்று என் பக்கம் திரும்பினான். அவன் கண் கலங்கியிருந்தது. நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

"பழசை வச்சிருக்காத. ரெண்டும் கெடந்தா எவனாவது பழசை எடுத்துட்டுப் போயி மறுபடி எழுதுவான். அழிச்சிடு" என்றான். கம்ப்யூட்டரில் இருந்ததை, இணையதளத்தில் இருந்ததை எல்லாம் அனஸ் அழித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். புதிய எலும்பனை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நன்றி, இப்போது சரியாக இருக்கிறது என்று எழுதினார்கள். அதற்குள் ரமலானுக்கு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. கொல்லைச் சுவரில் இருந்த கரிப்புள்ளிகளும் அதோடு போய்விட்டன. அப்போது யாருக்கும் அது ஒரு விஷயமாகத் தோன்றவில்லை.

2006 கடைசியில் ஆளாளுக்கு செல்போன் வந்துவிட்டது. பூத்தில் ஈ ஓட்டினான் அன்சார். ஒரு ஜெராக்ஸ் மெஷின் போட்டால் பிழைக்கலாம் என்று நினைத்து, அரியலூரில் யாரோ பழைய மெஷின் ஒன்று விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பார்க்கப் போனான். பார்த்துவிட்டுப் பொழுது சாயும் நேரம் பஸ்ஸுக்கு நடந்து வந்திருக்கிறான். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடி ஓடி அந்த ரோட்டோரம் எல்லாம் குழியும் புழுதியுமாகக் கிடக்கும். அதில் அவனால் காலை இழுத்துப் போட முடியாது. தார் ரோட்டில் ஏறித்தான் நடக்க வேண்டும். பின்னால் வந்த லாரிக்காரன் புழுதியில் ஆளைப் பார்க்கவில்லையாம்.

அரியலூர் ஆஸ்பத்திரிக்கு நானும் அனஸும் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. தமாமுக்குத் தகவல் சொல்ல வேண்டுமே? திரும்பி வந்து அன்சாரின் பூத்தைத் திறந்து, அவன் போனிலிருந்துதான் கூப்பிட்டோம். அனஸ் சொல்லி முடித்துவிட்டான். எதிர்முனையில் அத்தா ஒன்றும் பேசவில்லை. மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வெட்டவும் மனம் வராமல், பேசவும் வராமல், இரண்டு பேரும் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அடக்கத்துக்கு அவரால் வர முடியவில்லை. கபர்ஸ்தான் வெளியே நின்றபோது, எவனோ ஒருவன், "ரெண்டு காலும் நல்லா இருந்திருந்தா குதிச்சு ஒதுங்கியிருப்பான்" என்றான். அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். நாலு பேர் என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். அவன் சொன்னது உண்மைதான் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் அவ்வளவு கோபம்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த பிறகு, பூத்தில் இருக்கிற சாமான்களை எடுத்துப்போக அம்மா வந்தார். எடுக்க என்ன இருந்தது? ஒரு டிபன் பாக்ஸ், தொழுகைத் தொப்பி, ஒரு சால்வை. அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு மெல்ல மாடி ஏறி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ரொம்ப இளைத்திருந்தார்.

"அனஸு, அந்த எலும்பைக் காட்டு. அவன் நடக்குறதை நான் பாக்கணும்."

அனஸ் என்னைப் பார்த்தான். எங்கள் இரண்டு பேருக்கும் அந்தக் கணத்தில்தான் உறைத்தது. வேறு வழியில்லாமல் பட்டனை அழுத்தினான். எலும்பன் இரண்டு கையையும் வீசிக்கொண்டு நேராக நடந்தான்.

"இது யாரு?" என்றார் அம்மா.

"அண்ணன்தான்மா."

"வெளாடாத அனஸு. அன்சாரைக் காட்டு."

"அவன்தான்மா காலைத் திருத்தச் சொன்னான். அதான் திருத்திட்டேன்."

"இது காலு நல்லா உள்ள எவனோ. எம்புள்ள இது இல்ல." பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "கண்ணை மூடுனா வாசல்ல நடந்து வருவான்டா. இப்ப வர மாட்டேங்குறான். எவ்வளவு நேரம் மூடிக் கெடந்தாலும் வர மாட்டேங்குறான். மூஞ்சி இருக்கு. நடைதான் போயிருச்சு. அன்னிக்கி இங்க பாத்தேன்ல, அதைக் காட்டு. ஒரே ஒரு வாட்டி."

அழித்துவிட்டோம் என்று அனஸ் சொல்லவில்லை. "தேடி எடுத்து வைக்கிறேம்மா" என்றான். நான் அம்மாவை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

அன்றே இணையதளத்தில் எழுதிப் போட்டான். முதன்முதலில் கொடுத்த எலும்பன், இடது கால் பிழையோடு இருந்தது, யாரிடமாவது இருக்கிறதா? அது என் அண்ணனின் நடை. அண்ணன் இறந்துவிட்டான். இவ்வளவுதான் எழுதினான். பதில்கள் குவிந்தன. வருத்தம் தெரிவித்தார்கள், பிரார்த்திக்கிறோம் என்றார்கள். சிரித்த முகம் போட்டவர்களில் ஒருவன் மன்னிப்புக் கேட்டு எழுதினான். ஆனால் யாரிடமும் பழையது இல்லை. பிழை திருத்திய புதியது வந்த பிறகு பழையதை எவன் வைத்துக்கொள்வான்? போலந்துக்காரன் ஒருவன் தன்னிடம் ஒரு சிடியில் இருக்கிறது என்றான். அது வந்து சேரும்வரை அனஸ் சரியாகச் சாப்பிடவில்லை. வந்ததும் போட்டுப் பார்த்தோம். இரண்டு கையையும் வீசிக்கொண்டு நேராக நடந்தது.

டைனோசர் படம் முதல் எல்லாம் அன்றைக்கே அழிந்திருந்தது, என் கல்யாண வீடியோக்களில் தேடினால் அன்சார் உட்கார்ந்துதான் இருந்தான். பிறகு அனஸ் நினைவில் இருந்து செய்யப் பார்த்தான். காலை மடக்கினான், இடுப்பைச் சாய்த்தான், கையைக் கொண்டுபோய்த் தொடையில் வைத்தான். என்ன செய்தாலும் சினிமாவில் நொண்டியாக நடிக்கிறவனைப் போலத்தான் வந்தது. கூடப் பிறந்து, கூடவே நடந்து வந்தவன், அவனுக்கே தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. தினமும் பார்த்த நடைதானே என்று நாங்கள் யாரும் அதை உற்றுப் பார்த்ததே இல்லை.

"நிறுத்துடா! கேலி பண்ற மாதிரி இருக்கு" என்று ஒரு நாள் கத்திவிட்டேன். அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். எலும்பனையே மொத்தமாக அழித்துவிடுகிறேன், இனி இந்த வேலையே வேண்டாம் என்றான். நான் கம்ப்யூட்டரின் கரண்ட் வயரைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா மறுபடி வந்தார். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு காலையில் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அனஸ் இனியும் மறைக்க முடியாமல் எல்லாவற்றையும் சொன்னான். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து அழிக்கச் சொன்னதையும் சொன்னான். அம்மா திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"இப்ப செஞ்சு வச்சிருக்கியே, அதைப் போடு" என்றார்.

போட்டான். பார்த்தார். "இல்லடா. இவன் காலைத் தூக்குறான். அவன் தூக்க மாட்டான், இழுப்பான்."

அனஸ் மாற்றினான்.

"இடுப்பு இவ்வளவு போவாது. கொஞ்சந்தான் போவும். போயிட்டு வெடுக்குனு திரும்பும்."

மாற்றினான்.

"இல்ல."

மறுபடி மாற்றினான். "இல்லப்பா" என்றார் அம்மா. பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கதவோரம் போனார். இடது கையைத் தொடையில் ஊன்றினார். முதல் அடி சரியாக வரவில்லை, அவருக்கே தெரிந்தது. நின்றார். மறுபடி கதவுக்கே போய் ஆரம்பித்தார். மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ, எனக்கு நினைவில்லை, இடுப்பு ஒரு வெட்டு வெட்டியது. கால் தரையைத் தேய்த்துக்கொண்டு முன்னால் வந்தது. ஐயோ, என்னால் தாங்க முடியவில்லை. அறுபதை நெருங்கின ஒரு பொம்பளை என் கடையின் நடு ஹாலில் அன்சாராக நடந்து வந்துகொண்டிருந்தார். அவன் நடை பழகிய காலத்திலிருந்து அவன் பின்னாலேயே நடந்தவர். அவன் விழுந்தால் பிடிப்பதற்காக ஒவ்வொரு அடியையும் பார்த்துக்கொண்டே நடந்தவர்.

"பாத்துக்க" என்றார் மகனிடம். "எங்க நிக்கணும்னு சொல்லு. நிக்கிறேன்."

அனஸ் தரையில் மண்டியிட்டு அம்மாவின் முட்டியைப் பார்த்தான், கணுக்காலைப் பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டருக்குப் போனான், திரும்பி வந்தான். அம்மா நடந்தார், நின்றார், நடந்தார். கால் வலிக்கும், உட்காருங்கள் என்று நான் சொன்னேன். அவர் காதில் வாங்கவே இல்லை. மத்தியானத் தொழுகைக்குப் பாங்கு சொல்லி வெகுநேரம் கழித்துத்தான் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

அனஸ் பட்டனை அழுத்தினான்.

தலையில்லாத எலும்பன் திரையின் ஒரு ஓரத்தில் எழுந்து நின்றான். இடது கையைத் தொடையில் ஊன்றினான். இடுப்பை வெட்டி, காலை இழுத்து முன்னால் போட்டான். வலது கால் வந்து சேர்ந்தது. மறுபடி ஊன்றினான், மறுபடி இழுத்தான். அன்சார் நடந்து வந்தான். அனஸின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். அவன் நட்ட நடுவில் நடந்துகொண்டிருந்தான்.

"ஓரமாப் போடா" என்றார். "ஓரமாப் போ, அன்சாரு. வண்டி வரும்."

அனஸ் அதை நிறுத்தவில்லை.